வணக்கம் சொன்ன வித்தைக்காரர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

மேடையில் நிற்பவன் ஒருவன். எதிரே அமர்ந்திருப்பவர் நூறு பேர். இரு சாராருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கயிறு ஒன்று ஓடுகிறது. நம் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்ததும் முதலில் பேசுவது சபையோரோடுதான். சந்தைத் திடலில் கூட்டம் சேர்க்கும் மோடி வித்தைக்காரன், பாதியில் எழுந்து போகிறவன் ரத்தம் கக்குவான் என்று பயமுறுத்துவதும் அந்தக் கயிறு அறுந்துவிடக் கூடாதே என்ற கவலையால்தான். கைதட்டல் வருகிறதா, சிரிப்பு அடங்கிவிட்டதா, பின்வரிசையில் யாரேனும் இருமுகிறார்களா என்று செவியாலேயே சபையை அளந்துகொண்டு வித்தை காட்டுகிறான் கலைஞன்.

சபையே இல்லாத இடத்தில் ஒருவன் வித்தை காட்டினால்? எதிரே ஒரு மரப்பெட்டியும் அதில் பொருத்திய கண்ணாடி வில்லையும் மட்டும் இருந்தால்? அந்தப் பெட்டியைப் பார்த்துப் புன்னகை செய்து, கைகளை விரித்து, இடுப்பு வளைய வணக்கமும் சொன்னால்? பிரான்சு நாட்டில் ஒருவர் அப்படித்தான் பதினேழு ஆண்டுகள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜார்ஜ் மெலியெஸ். திரைப்படத்தின் தந்தையர் பட்டியலில் எடிசனையும் லூமியேர் சகோதரர்களையும் அறிந்த நம்மில் பலர், இவரை அந்த நிலாப் படத்தைக் கொண்டே அறிவோம். நிலவின் முகத்தில், வலது கண்ணில், ஒரு குண்டு வந்து செருகி நிற்குமே, அந்தப் படத்தை எடுத்தவர் இவர்தான்.

மெலியெஸ் 1861ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். தாய் ஆலந்து நாட்டுப் பெண்மணி. அவருடைய தந்தையும் பூட்ஸ் செய்பவரே. கணவனும் மனைவியுமாக உழைத்துப் பாரிஸில் பெரிய பூட்ஸ் தொழிற்சாலை ஒன்றையே நிறுவிவிட்டார்கள். மூன்றாம் மகன் ஜார்ஜுக்கோ ஓவியக் கல்லூரியில் சேர வேண்டுமென்று ஆசை. தந்தை மறுத்துவிட்டார். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை மகனுக்குக் கிடைத்தது.

இதை ஒரு துன்பக்கதையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தந்தையின் தொழிலை விட்டுக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள்தாம் நம் வகுப்பில் பாதிப் பேர். விட்டு வந்தாலும் அந்தத் தொழில் கற்றுக்கொடுத்த கைப்பழக்கம் எங்கே போகும்? பற்சக்கரத்தையும் நெம்புகோலையும் மெலியெஸ் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. பூட்ஸ் தைக்கும் இயந்திரத்தில் கற்றார். பின்னாளில் கேமராவைத் தாமே உருவாக்கும் துணிவு அங்கிருந்துதான் வந்தது.

1884இல், ஆங்கிலம் பழகட்டும் என்று தந்தை அவரை இலண்டனுக்கு அனுப்பினார். மொழி சரியாகப் பிடிபடாத இளைஞனுக்கு மாலை நேரத்தில் எந்த நாடகம் புரியும்? பேச்சு குறைந்த கலையைத் தேடி அவர் எகிப்து மண்டபம் என்ற அரங்குக்குப் போனார். அங்கே மாஸ்கெலின் என்ற புகழ்பெற்ற வித்தைக்காரர் ஆளை மறைத்தும் அந்தரத்தில் மிதக்கவிட்டும் கூட்டத்தை மயக்கிக்கொண்டிருந்தார். மெலியெஸும் மயங்கினார். மறு ஆண்டு ஊர் திரும்பும்போது ஆங்கிலத்தைவிடச் செப்பிடுவித்தையே அவருக்கு நன்றாக வந்திருந்தது.

திருமணம் அதே 1885இல் நடந்தது. 1888இல் தந்தை தொழிலிலிருந்து ஓய்வு பெற்றதும், மெலியெஸ் தம் பங்கை அண்ணன்மாரிடமே விற்றுவிட்டு அந்தப் பணத்தில் ஓர் அரங்கத்தை வாங்கினார். ரொபேர் ஊதேன் என்ற மாபெரும் வித்தைக்காரரின் பெயரால் விளங்கிய அரங்கம் அது. சுமார் இருநூறு பேர் அமரலாம். கடிகாரம் செய்பவராக இருந்து வித்தைக்காரராக மாறிய ரொபேர் ஊதேன், மந்திரவாதி அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கனவான்களின் மாலை உடையில் மேடையேறியவர். அவர் செய்துவைத்த தானியங்கிப் பொம்மைகள் அரங்கத்தில் பழுதுபட்டுக் கிடந்தன. பூட்ஸ் தொழிற்சாலையின் கைகள் அவற்றைப் பழுதுபார்த்து மீண்டும் ஆடவைத்தன.

அந்தச் சின்ன அரங்கில் மெலியெஸ் ஏறத்தாழ முப்பது புதிய வித்தைகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்று கூட்டத்தைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைத்தது. பேசிப் பேசியே அறுக்கும் பேராசிரியர் ஒருவரின் தலையை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய தலையோ நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறது! (நம் கல்லூரியில் அப்படி யாரும் இல்லை என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.) இருநூறு பேர் கொண்ட அரங்கில் முதல் வரிசைக்கும் மேடைக்கும் தூரம் மிகக் குறைவு. கண் இமைத்தால் தெரியும். வித்தைக்காரன் எங்கே பார்க்கிறானோ அங்கே கூட்டமும் பார்க்கும். அந்த ஒரு நொடியில் மறு கை தன் வேலையை முடித்துக்கொள்ளும். பார்வையாளரின் கவனம்தான் அவனுடைய மூலப்பொருள். அது இல்லையேல் எந்தக் கருவியும் பயன்படாது.

இப்படி ஏழு ஆண்டுகள் கழிந்தன. 1895 டிசம்பர் 28. பாரிஸில் ஓர் உணவு விடுதியின் கீழ்த்தள அறையில் லூமியேர் சகோதரர்களின் படக்காட்சி. கட்டணம் கொடுத்து வந்த பொதுமக்கள் 33 பேர் மட்டுமே. லூமியேர் சகோதரர்களின் தந்தை அந்துவான், மெலியெஸுக்கு அறிமுகமானவர். அவர் அழைத்ததால் மெலியெஸும் போயிருந்தார். முதலில் திரையில் விழுந்தது ஒரு நகரச் சதுக்கத்தின் அசையாத நிழற்படம். மெலியெஸுக்கு ஏமாற்றம். கண்ணாடித் தகட்டுப் படங்களை விளக்கொளியில் காட்டுவது அவருடைய அரங்கிலேயே நெடுநாளாக நடந்த ஒன்று. இதற்காகவா அழைத்தார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தபோதே, படத்திலிருந்த குதிரை வண்டி அசைந்தது. அவரை நோக்கியே நடந்து வந்தது! அடுத்து மற்ற வண்டிகள், பிறகு மக்கள். அந்தக் காட்சியைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

காட்சி முடிந்ததும் அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார். 10,000 பிராங்க் வரை தரச் சித்தமாக இருந்தார். அந்துவான் லூமியேர் இணங்கவில்லை. மெலியெஸ் சோர்ந்துவிடவில்லை. இலண்டனில் ராபர்ட் பால் என்பவர் படம் காட்டும் கருவி செய்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே சென்று ஒன்றை வாங்கி வந்தார். படம் காட்டும் கருவியைப் பிரித்துப் பார்த்து, அதன் அமைப்பை மாற்றிப் படம் பிடிக்கும் கருவியாக்கினார். அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இது விளங்கும்: இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. சுருள் விட்டு விட்டு நகர வேண்டும். நிற்கும் கணத்தில் ஒளி உட்புக வேண்டும். நகரும் கணத்தில் மறைப்பு விழ வேண்டும். 1896 ஏப்ரலில் அவருடைய அரங்கில் வித்தைகளோடு சலனப்படமும் காட்டப்பட்டது.

முதலில் எடுத்த படங்கள் லூமியேரைப் பார்த்து எடுத்தவையே: சீட்டாட்டம், தெரு, இரயில். பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற நிகழ்ச்சி வருகிறது. பாரிஸின் ஒபரா சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கேமராவில் சுருள் சிக்கிக்கொண்டது. சரிசெய்து மீண்டும் சுழற்ற ஒரு நிமிடமாயிற்று. படத்தைத் திரையிட்டபோது, ஓடிக்கொண்டிருந்த பயணிகள் வண்டி திடீரென்று பிண வண்டியாக மாறியதாம்; ஆண்கள் பெண்களானார்களாம்! இக்கதையைச் சொன்னவர் மெலியெஸ்தான். வித்தைக்காரர்கள் தம் வித்தை பிறந்த கதையையும் வித்தையாகவே சொல்வார்கள். அறிஞர்கள் சிலர் இதை ஐயுறுகிறார்கள். 1895இலேயே எடிசன் நிறுவனத்தார் ஓர் அரசியின் தலை வெட்டுண்ணும் காட்சியில் கேமராவை நிறுத்தி, நடிகர் இருந்த இடத்தில் பொம்மையை வைத்து எடுத்திருந்தார்கள். ஆனால் அந்த உத்தி ஒரு கலையின் உயிர்நாடி ஆகும் என்று கண்டவர் மெலியெஸ்.

1896இலேயே அவர் எடுத்த ஒரு படம் அதைக் காட்டுகிறது. மேடையில் ஒரு பெண்மணியை நாற்காலியில் அமர்த்தித் துணியால் மூடி, துணியை எடுத்தால் ஆள் இல்லை. அரங்குகளில் வழக்கமாகச் செய்த வித்தைதான். மேடையில் இதற்குத் தரையில் இரகசியக் கதவு வேண்டும். ஆள் கீழே இறங்க வேண்டும். திரையில் கதவே தேவையில்லை. கேமராவை நிறுத்தினால் போதும், அந்தப் பெண்மணி எழுந்து நடந்து போய்விடலாம். மேடையில் ஆளை மட்டும் மறைக்கலாம்; திரையிலோ அவர் இருந்த இடத்தில் ஓர் எலும்புக்கூட்டை அமர்த்தவும் மெலியெஸால் முடிந்தது. நாற்காலியில் அமர்ந்தவர் அவருடைய அரங்கின் நடிகை ழான் தால்சி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தினால் போதும் என்று எழுதிவிட்டேன். செய்வது அவ்வளவு எளிதன்று. கையால் சுழற்றும் கேமரா சட்டென்று நிற்காது, சட்டென்று வேகம் பிடிக்கவும் செய்யாது. நொடிக்குப் பதினாறு படம் என்ற கணக்கில், தேவையற்ற படங்கள் சில இரு பக்கமும் விழுந்துவிடும். மெலியெஸ் அவற்றைக் கத்தரித்து, சுருளை ஒட்டினார். எஞ்சிய சுருள்களை ஆராய்ந்தவர்கள் ஒவ்வொரு மாயத்தின் இடத்திலும் ஒட்டுத் தடத்தைக் கண்டிருக்கிறார்கள். நடிகனின் பாடு இன்னும் கடினம். கை உயர்த்திய நிலையில் சிலைபோல் நிற்க வேண்டும். சுற்றிலும் ஆட்கள் பொருள்களை மாற்றுவார்கள். மீண்டும் சுழற்றத் தொடங்கியதும் ஒன்றும் நடவாததுபோல் அதே அசைவைத் தொடர வேண்டும். மேடையில் கூட்டத்தின் கண்ணைத் திருப்பி ஏமாற்றிய வித்தைக்காரர், இங்கே கூட்டம் கண் இமைக்காமல் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டார். இது பெரிய வெற்றி. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஓர் இழப்பும் இதில் இருக்கிறது. கூட்டத்தின் கவனத்தோடு விளையாடுவதுதானே அவருடைய தொழில்? அந்த விளையாட்டு இப்போது கூட்டம் வருவதற்கு முன்பே, கத்தரிக்கோலும் பசையும் கொண்ட மேசைமேல் முடிந்துவிடுகிறது.

1897இல் பாரிஸின் புறநகரான மோந்த்ரேயில், தம் குடும்பத் தோட்டத்தில் ஒரு படப்பிடிப்புக் கூடம் கட்டினார். சுவரும் கூரையும் கண்ணாடி. சூரிய வெளிச்சம் வேண்டுமல்லவா? ஒரு முனையில் மேடை. அதன் அளவு ரொபேர் ஊதேன் அரங்கின் மேடையளவேதான். எதிர் முனையில் கேமரா, அசையாமல் ஓரிடத்தில் நின்றது. கொட்டகையில் நல்ல பணக்காரர் அமரும் நடு இருக்கை எங்கே இருக்குமோ அங்கே என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் மோந்த்ரேயில் படப்பிடிப்பு. மாலையில் பாரிஸ் சென்று அரங்கில் நிகழ்ச்சி. கதை, காட்சி ஓவியம், உடை, நடிப்பு, இயக்கம் யாவும் அவரே. திரைச்சீலைகளைச் சாம்பல் நிறச் சாயல்களிலேயே தீட்டினார். அக்காலப் படச்சுருள் சிவப்பைக் கருப்பாக்கிவிடும் என்பதால்.

அந்தக் கூடத்தில் பிறந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 1898இல் வந்த, ஒரு நிமிடமே ஓடும் படம். இரண்டு மேசைகளுக்கு நடுவே மெலியெஸ் வந்து நிற்கிறார். தம் தலையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். தோளில் புதுத் தலை முளைக்கிறது. அதையும் கழற்றி வைக்கிறார், இன்னொன்று முளைக்கிறது. மூன்று தலைகள் மேசைகளின்மேல், ஒன்று தோளின்மேல்! பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை எடுத்து அவர் வாசிக்க, மூன்று தலைகளும் பாடுகின்றன. பாட்டு சகிக்கவில்லை போலும். கருவியாலேயே இரண்டு தலைகளை அடித்து நொறுக்கிவிடுகிறார். கடைசியில் தம் தோளிலுள்ள தலையைத் தூக்கி எறிந்துவிட்டு, மேசையில் மீந்த தலையை எடுத்துப் பொருத்திக்கொண்டு வணக்கம் சொல்கிறார்.

இது எப்படி? பின்னால் கருந்திரை. கருமை படச்சுருளில் எதையும் பதிப்பதில்லை; அந்த இடம் புதிதாகவே இருக்கும். ஒரு முறை எடுத்த சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே சுருளில் மறுமுறை எடுத்தால் முன்பு கருமையாக இருந்த இடத்தில் புதிய உருவம் பதியும். மெலியெஸ் தம் உடலைக் கரிய துணியால் மறைத்துத் தலையை மட்டும் காட்டி நடித்தார். 1900இல் எடுத்த இன்னொரு படத்தில் ஏழு மெலியெஸ்கள் ஏழு நாற்காலிகளில் அமர்ந்து ஏழு வாத்தியங்களை இசைக்கிறார்கள். ஏழாவது முறை நடிக்கும்போது ஒரு கணம் தாளம் தவறினால் முன்னைய ஆறும் வீண். முன்பு எந்தக் கணத்தில் எங்கே திரும்பினோம் என்பதை மனத்தில் எண்ணிக்கொண்டே நடிக்க வேண்டும். இடப்பக்கத்து மெலியெஸ் சொன்னதைக் கேட்டு வலப்பக்கத்து மெலியெஸ் தலையாட்டுகிறார். ஆனால் அங்கே நின்றவர் எதிரே காற்றைத் தவிர எதுவும் இல்லை. நடிகரும் அவரே, கூட நடிப்பவரும் அவரே. எதிரே அமர்ந்து பார்ப்பவரையும் அவரேதான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் அந்த வணக்கம் என்னை நிறுத்துகிறது. அவர் கேமராவை நேராகப் பார்க்கிறார். புருவத்தை உயர்த்துகிறார். இதோ பாருங்கள் என்பதுபோல் விரலால் சுட்டுகிறார். முடிந்ததும் குனிந்து வணங்குகிறார். மோந்த்ரே கூடத்தில் அவ்வேளையில் கேமராவைச் சுழற்றுபவரும் உதவியாளர் சிலரும்தாம் இருந்திருப்பார்கள். கைதட்டல் எழும் இடத்தில் கைதட்டல் எழாது. ஆனாலும் அது எழுவதற்கான நேரத்தைக் கணக்கிட்டு, அவ்வளவு நேரம் காத்திருந்து, பிறகே அடுத்த அசைவுக்குப் போகிறார். வாராத ஒலிக்கு இடம் விட்டு நடித்த கலைஞர்! அந்தப் படங்களைத் தனியாக அமர்ந்து பார்க்கும்போதுகூடக் கை தட்டாமல் இருப்பது மரியாதைக் குறைவோ என்ற கூச்சம் நமக்கு உண்டாகிறது. நடிகர்கள் கேமராவைப் பார்க்கவே கூடாது என்ற விதி பின்னால் வந்தது. மெலியெஸுக்கு அப்படி ஒரு விதி விளங்கியிருக்காது. வீட்டுக்கு வந்த விருந்தினரின் முகத்தைப் பார்க்காமல் யாராவது பரிமாறுவார்களா?

1902இல் நிலாப் பயணப் படம் வந்தது. மூன்று மாத உழைப்பு; 10,000 பிராங்க் செலவு; 260 மீட்டர் நீளம். ஒரு நிமிடப் படங்களே மிகுந்திருந்த காலத்தில் இது ஏறத்தாழ 14 நிமிடம் ஓடியது. மெலியெஸ் தலைமை விஞ்ஞானியாக நடித்தார். நிலவு வாசிகளாகக் குட்டிக்கரணம் போட்டவர்கள் பாரிஸ் கேளிக்கை அரங்குகளின் கழைக்கூத்தாடிகள். சில பிரதிகளுக்கு வண்ணமும் தீட்டப்பட்டது. துய்யியே அம்மையார் என்பவரின் பட்டறையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஆளுக்கு ஒரு நிறமாக, ஒவ்வொரு சிறு படத்திலும் தூரிகையால் தீட்டினார்கள். ஒரு படத்துக்கு 19 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் 260 மீட்டரில் சுமார் 13,700 படங்கள். ஒரு பிரதிக்கே இவ்வளவு!

படத்தை யார் வாங்கினார்கள்? திருவிழாச் சந்தைகளில் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர்கள். விலையைக் கேட்டதும் அவர்கள் பின்வாங்கினார்களாம். அப்படியானால் ஒரு முறை இலவசமாகக் காட்டிப் பாருங்கள் என்று மெலியெஸ் கொடுத்தனுப்ப, நள்ளிரவு வரை கூட்டம் கலையவில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். கடல் கடந்தும் படம் பரவியது. ஆனால் அமெரிக்காவில் எடிசன் நிறுவனத்தாரும் மற்றவர்களும் அனுமதியின்றிப் பிரதி எடுத்து விற்றார்கள்; அங்கே கிடைத்த இலாபத்தில் பெரும்பகுதி மெலியெஸின் கைக்கு வரவில்லை. திருட்டைத் தடுக்க 1903இல் அண்ணன் காஸ்தோன் நியூயார்க்கில் கிளை திறந்தார். காட்சிச் சீலைகளிலேயே தம் நிறுவனத்தின் நட்சத்திரச் சின்னத்தை வரைந்துவைக்கவும் செய்தார் மெலியெஸ்.

பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவை, அது நடக்கும் முன்பே மோந்த்ரேயில் சீலைகட்டி எடுத்துவிட்ட வேடிக்கையும் 1902இல்தான் நடந்தது. மன்னர் நோயுற்று விழா தள்ளிப்போனதால் படமும் காத்திருந்தது!

இனி வீழ்ச்சி. இதைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள். வணிகம் தெரியாதவர் என்பர் சிலர். காலத்தோடு மாறாதவர் என்பர் சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. அவர் படத்தை மீட்டர் கணக்கில் விற்றார்; வாங்கியவர் அது நைந்து போகும்வரை ஊர் ஊராக ஓட்டிக்கொள்வார். பாத்தே நிறுவனமோ பெரிய தொழிற்சாலை அமைத்து, விற்பதை நிறுத்தி வாடகைக்கு விடத் தொடங்கியது. ஊர்களில் நிலையான கொட்டகைகள் எழுந்தன. வாரந்தோறும் புதுப்படம் கேட்டார்கள். தோட்டத்துக் கூடத்தில் தாமே சீலை தீட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுப்பார்?

ஆயினும் வேறொரு காரணமும் உண்டு என்பது என் கருத்து. ரொபேர் ஊதேன் அரங்கில் ஒரு வித்தை சலித்துவிட்டால் அன்றிரவே மெலியெஸுக்குத் தெரிந்துவிடும்; மறுநாள் மாற்றிவிடுவார். மோந்த்ரேயில் எடுத்த படம் எங்கோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கூடாரத்தில் ஓடுகிறது. அங்கே மக்கள் கொட்டாவி விட்டால் அது அவர் செவிக்கு எட்டுவதில்லை. விற்பனை குறைந்த பிறகே தெரியும். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் பார்வையாளர்கள் மாறிவிட்டார்கள். கேமரா நடிகனுக்கு அருகே போகத் தொடங்கியது. ஓடும் குதிரையோடு ஓடத் தொடங்கியது. இனி யாரும் தமக்கு வணக்கம் சொல்ல வேண்டாம், கதைக்குள் தம்மை அழைத்துச் சென்றால் போதும் என்று மக்கள் விரும்பினார்கள். மெலியெஸின் கேமரா அதே நடு இருக்கையில் அமர்ந்திருந்தது. 1901இலேயே ஒரு படத்தில், தம் தலை காற்றடைத்த பந்துபோல் ஊதிப் பெரிதாவதைக் காட்ட, சரிவுப் பலகையில் வண்டி வைத்து அதில் தாம் அமர்ந்து கேமராவை நோக்கி நகர்ந்து வந்தவர் அவர். கேமராவை நகர்த்தினால் எளிதாக இருந்திருக்கும். நடிகன்தான் அசைய வேண்டும், பார்வையாளர் இருக்கையைவிட்டு எழக் கூடாது என்பது அவர் கொள்கை போலும்.

1909இல் பாரிஸில் கூடிய திரைப்படத் தயாரிப்பாளர் மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார். அவ்வளவு மதிப்பு இருந்தது, பணம் இல்லை. 1911இல் பாத்தே நிறுவனத்திடம் மோந்த்ரே சொத்தை ஈடுவைத்துக் கடன் பெற்றார். 1912இல் வடதுருவப் பயணத்தைப் படமாக்கினார். ஆளை விழுங்கும் பனிப் பூதம் ஒன்றைப் பெரிய பொம்மையாகவே செய்திருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் ஊரே திரண்டிருக்கும். படம் தோற்றது. அண்ணன் காஸ்தோன் தென்கடல் தீவுகளுக்கும் ஆசியாவுக்கும் படக்குழுவோடு சென்று பெருநட்டத்தோடு திரும்பினார். 1913இல் மனைவி இறந்தார். அதன்பின் மெலியெஸ் படம் எடுக்கவில்லை.

மறு ஆண்டு உலகப்போர். கடன்களை வசூலிக்க அரசு விதித்த தடையால் மோந்த்ரே சொத்து சில காலம் தப்பியது. ஆனால் 1917இல் பிரெஞ்சு இராணுவம் அவருடைய படச்சுருள்களில் நானூறுக்கும் மேற்பட்டவற்றை எடுத்து உருக்கியது. வெள்ளியும் செல்லுலாய்டும் தேவைப்பட்டன. அந்தச் செல்லுலாய்டு போர்வீரர்களின் பூட்ஸ் குதிகளுக்குப் பயன்பட்டது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பூட்ஸ் தொழிற்சாலையை விற்று வித்தைக்கு வந்தவரின் வித்தை, பூட்ஸின் அடியில் போய்ச் சேர்ந்தது!

1923இல் மோந்த்ரே கைவிட்டுப் போயிற்று. புதிய சாலைக்காக ரொபேர் ஊதேன் அரங்கமும் இடிபட்டது. மூலச்சுருள்களை வைத்துக்கொள்ள இடமில்லாமல், அவற்றைத் தோட்டத்தில் குவித்து மெலியெஸே தீ வைத்தார். ஏறத்தாழ ஐந்நூறு படங்களைத் தந்த கை அது.

1925இல் மெலியெஸ் ழான் தால்சியை மணந்தார். ஆம், நாற்காலியில் அமர்ந்து மறைந்த அதே நடிகை. பாரிஸின் மோன்பர்னாஸ் இரயில் நிலையத்தில் அவருக்குப் பொம்மையும் மிட்டாயும் விற்கும் சிறு கடை ஒன்று இருந்தது. அறுபத்து நான்கு வயதில் மெலியெஸ் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தார். காலை முதல் இரவு வரை, விடுமுறையில்லாத கடை. குளிர்காலத்தில் நிலையத்தின் காற்று நேரே அடிக்கும். எதிரே ஆயிரக்கணக்கான மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், யாரும் நிற்கவில்லை. மேடைக்காரர் ஒருவருக்கு இதைவிடக் கொடிய இருக்கை உண்டா? எனினும் பிள்ளைகள் வந்தால் பொம்மைகளை ஆட்டிக்காட்ட, அந்த வயதிலும் அவரைவிடத் தகுந்தவர் வேறு யார்!

திரைப்பட இதழ் ஒன்றின் ஆசிரியர் அவ்வழியே போகும்போது அவரை அடையாளம் கண்டுகொண்டார். செய்தி பரவியது. இளைஞர்கள் தேடி வந்தார்கள். மோக்ளேர் என்ற திரையரங்க நிர்வாகி அவருடைய பழைய படங்கள் சிலவற்றைக் கண்டெடுத்துப் புதுப்பித்தார். 1929 டிசம்பர் 16ஆம் நாள், பாரிஸின் ப்ளேயெல் மண்டபத்தில் மெலியெஸ் விழா நடந்தது.

அந்த மண்டபம் ரொபேர் ஊதேன் அரங்கத்தைப்போல் பத்து மடங்கு பெரியது. படங்கள் ஓடின. பிறகு நடந்ததை இவ்வாறு சொல்கிறார்கள்: மெலியெஸ் பாரிஸ் தெருக்களில் வழிதவறி, விழா மண்டபத்தைத் தேடி அலையும் சிறிய படம் ஒன்று திரையில் ஓடியது. தேடித் தேடிக் கடைசியில் ஒரு விளம்பரத் தாளில் தம் உருவத்தைக் கண்டு அதை நோக்கிப் பாய்கிறார். அக்கணமே விளக்குகள் எரிந்தன. மேடையில் காகிதம் ஒட்டிய ஒரு சட்டம். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அறுபத்தெட்டு வயது மெலியெஸ், மாலை உடையில், உயிரோடு வெளியே வந்து நின்றார். மண்டபம் எழுந்து நின்றது. பதினேழு ஆண்டுகள் வெற்றுக் கூடத்தில் இடம்விட்டு நடித்தாரே, அந்தக் கைதட்டல் இப்போது அவர் செவியில் விழுந்தது. தம் வாழ்வின் மிகச் சிறந்த நேரங்களில் ஒன்றாக அவர் அதைக் கருதினார்.

1931இல் பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருதளித்தது. விருதை அணிவித்தவர் லூயி லூமியேர்; கருவியை விற்க மறுத்த அந்துவானின் மகன். விருது சோறு போடாது. 1932இல்தான், திரைப்படக் கலைஞர்களுக்காக ஓர்லியில் இருந்த முதியோர் இல்லத்தில் அவருக்கும் மனைவிக்கும் பேத்திக்கும் இடம் கிடைத்தது. பொம்மைக் கடை முடிந்தது. அங்கே அவர் படம் வரைந்தார். வந்தவர்களுக்கு வித்தை காட்டினார். 1938 ஜனவரி 21ஆம் நாள் பாரிஸ் மருத்துவமனையில் காலமானார்.

எரிந்தவையும் உருகியவையும் போக, உலகின் பல மூலைகளிலிருந்து இன்றுவரை சுமார் இருநூறு படங்கள் கிடைத்திருக்கின்றன. நிலாப் பயணத்தின் வண்ணப் பிரதி ஒன்று 1993இல் ஸ்பெயின் நாட்டில் கட்டிதட்டிப்போன நிலையில் அகப்பட்டு, பல ஆண்டுகள் சீராக்கப்பட்டு, 2011இல் கான் திரைப்பட விழாவில் ஓடியது. 1896இன் அந்த மறையும் பெண்மணியும் பிழைத்துக்கொண்டாள். எலும்புக்கூட்டின்மேல் மெலியெஸ் துணியைப் போர்த்துகிறார், எடுக்கிறார், ழான் தால்சி புன்னகையோடு அமர்ந்திருக்கிறார். இருவரும் கைகோத்து நம்மை வணங்கிவிட்டு உள்ளே போகிறார்கள். மேடை காலியாகிறது. மறுகணம், நாம் இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில், மீண்டும் வெளியே வந்து இன்னொரு முறை வணங்குகிறார்கள்.